பத்துப் பவுண்டு வீடு

இடிக்கலாம் என்று 1885இல் அனுமதி கிடைத்துவிட்டது. வீடு திருச்சபையின் சொத்து. கூரை மக்கி, சுவர் மண் உதிர்ந்து கிடந்தது. ஊர்ப் பாதிரியார்கள் அதில் குடியிருந்து பல தலைமுறை ஆகியிருந்தது. பழுதுபார்ப்பதைவிடப் பிரித்துப்போடுவது மலிவு என்பது யாருக்கும் சட்டென்று வருகிற கணக்கு. ஒரே சிக்கல், உள்ளே ஒரு கிழவி இருந்தாள். வளர்ந்த வீட்டிலேயே கண்ணை மூட வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். சரி, அவள் காலம் வரை நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவள் 1888 வரை இருந்தாள்.

அதற்குள் அவசரம் ஆறிப்போயிற்று. அடுத்து வந்த பாதிரியாருக்கு இடிக்க மனம் வரவில்லை. எட்டு வருஷம் கழித்து, 1896 ஏப்ரலில், ஒரு சங்கம் அந்த வீட்டைப் பத்துப் பவுண்டு கொடுத்து வாங்கியது. சங்கத்துக்கு அப்போது வயது ஒன்றேகால். பெயர் நேஷனல் ட்ரஸ்ட். இன்று 50 லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள், நூற்றுக்கணக்கில் மாளிகைகள், கோட்டைகள், மைல் மைலாகக் கடற்கரை என்று அதன் சொத்து விரிந்து கிடக்கிறது. அது வாங்கிய முதல் கட்டடம் ஒரு கூரை வீடு.

ஈஸ்ட் சசெக்ஸில், கக்மியர் என்ற சிற்றாற்றின் கரையில் இருக்கிறது ஆல்ஃப்ரிஸ்டன். தென்னிங்கிலாந்தின் வெள்ளைச் சுண்ணக் குன்றுகளை அறுத்துக்கொண்டு கக்மியர் கடலுக்குப் போகிற வழியில் உள்ள கிராமம். ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு புல்வெளி. அங்கே ஒரு மேட்டின் மேல், சிலுவை வடிவத்தில், சக்கிமுக்கிக் கல்லால் கட்டிய 14ஆம் நூற்றாண்டு ஆலயம் நிற்கிறது. ஊரின் அளவுக்கு அது ரொம்பப் பெரிது. குன்றுநாட்டின் பேராலயம் என்றே அதைச் செல்லமாகச் சொல்வார்கள். அதன் பக்கத்தில், பெரியவர் நிழலில் ஒதுங்கி உட்கார்ந்த மாதிரி இந்த வீடு. கிளர்ஜி ஹவுஸ், அதாவது குருமார் வீடு. இதுவும் ஆலயம் எழுந்த அதே நூற்றாண்டைச் சேர்ந்தது.

பெயர் குருமார் வீடு என்றாலும் பாதிரியாருக்கென்று தனியாக வகுத்த அமைப்பு இதில் எதுவும் இல்லை. அந்தப் பகுதியில் ஓரளவு கையில் காசு பார்த்த உழவன் கட்டிக்கொண்ட வீடு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது. 1348இல் இங்கிலாந்தின் தெற்குக் கரையில் இறங்கிய கொள்ளைநோய், ஒன்றரை வருஷத்துக்குள் நாட்டின் மூன்றிலொரு பங்கு மக்களை, சில கணக்குகளின்படி பாதிப்பேரை, கொண்டுபோயிற்று. பிழைத்தவர்களுக்கு நிலம் மலிந்தது, உழைப்புக்கு விலை ஏறியது. கென்ட், சசெக்ஸ் பக்கத்தில் அடுத்த நூற்றைம்பது வருஷங்களில் எழுந்த நல்ல மர வீடுகளுக்குப் பின்னால் இந்தச் சாவுக் கணக்கு உண்டு. வீட்டைப் பார்த்து அழகு என்று சொல்கிறவர்கள் இதை நினைப்பதில்லை. நினைக்கவேண்டும் என்பதும் இல்லைதான்.

இந்த மாதிரி வீடுகளுக்கு வீல்டன் வீடு என்று ஒரு பெயர் உண்டு. வீல்ட் என்பது குன்றுகளுக்கு வடக்கே பரந்து கிடந்த காட்டுப் பகுதி. அங்கே ஓக் மரத்துக்குப் பஞ்சமில்லை. தச்சர்கள் ஓக்கைக் காயப்போட்டு உலர்த்தி வேலை செய்ததில்லை. வெட்டின ஈரத்தோடு, பச்சையாகவே செதுக்குவார்கள். காய்ந்த ஓக் உளியைத் திருப்பி அனுப்பிவிடும்; பச்சை ஓக் இணங்கும். தூண், உத்திரம், கைமரம் எல்லாவற்றையும் முதலில் தச்சுக் களத்தில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்ப்பார்கள். எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று மறந்துபோகாமல் இருக்க ரோமன் எண்களை உளியால் கீறி வைப்பார்கள். நேர்க்கோடுகளாகவே இருப்பதால் அந்த எண்கள் உளிக்குச் சுலபம். பிறகு எல்லாவற்றையும் பிரித்து, வண்டியில் ஏற்றி, மனைக்குக் கொண்டுவந்து மறுபடி எழுப்புவார்கள். இரும்பாணி கிடையாது. மர ஆணிதான். அந்த ஆணிக்கான துளைகளைக் கழுந்திலும் தூணிலும் ஒரு நூல் தள்ளி இடுவது தச்சன் தந்திரம்: ஆணியை அடித்து இறக்கும்போது அது இரண்டையும் இழுத்துக் கவ்விக்கொள்ளும். மரம் காயக் காயப் பிடி இறுகும்.

காயும்போது மரம் சும்மா இருக்காது. முறுக்கும், வளையும், பிளக்கும். இத்தகைய வீடுகள் கோணிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, பாவம், வயதாகிவிட்டது என்கிறோம். அந்தக் கோணலில் பெரும்பகுதி முதல் சில வருஷங்களிலேயே வந்துவிட்டது. கட்டியவனே தன் காலத்தில் கோணல் வீட்டில்தான் இருந்திருப்பான். இன்னொன்றும் சொல்லிவிடலாம். கறுப்பு மரம், வெள்ளைச் சுவர் என்று படங்களில் பார்த்துப் பழகிய அந்தப் பளிச்சென்ற தோற்றம் பெரும்பாலும் விக்டோரியா காலத்துப் பூச்சு. பழைய ஓக் வெயிலிலும் மழையிலும் வெளுத்துச் சாம்பல் நிறமாகத்தான் கிடந்தது, அல்லது மரத்தையும் சுவரையும் பார்க்காமல் மேலே சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள்.

மரச்சட்டங்களுக்கு நடுவே வரிச்சுச் சுவர். பிளந்த ஓக் குச்சிகளை நிறுத்தி, ஹேசல் கொம்புகளைக் குறுக்கே பின்னி, அதன்மேல் களிமண்ணும் நறுக்கின வைக்கோலும் சாணமும் சேர்த்துக் குழைத்து அப்புவார்கள். இங்கிலாந்தில் ஒழுங்காகக் கட்டிய வீடு என்று ஆராய்ச்சியாளர்கள் சான்று தருகிற சுவருக்குள் சாணம் இருக்கிறது என்பதை, சாணத்தைத் தரையில் மெழுகுகிறவர்களை ஒரு காலத்தில் ஏளனமாகப் பார்த்த துரைமார் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். ஆல்ஃப்ரிஸ்டன் வீட்டின் தரைக்குச் சாணம் கிடையாது. அங்கே கைக்கெட்டும் தூரத்தில் குன்று முழுக்கச் சுண்ணப்பாறை. அதைப் பொடித்துக் கொட்டி, இடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே புளித்த பாலை ஊற்றித் தேய்த்தார்கள். பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் காய்ந்தால் பசையாகப் பிடித்துக்கொள்ளும். தூசி எழும்பாது, ஈரம் சட்டென்று இறங்காது. சசெக்ஸ் வழக்கம். கூடத்தின் தரை இன்றும் அப்படித்தான்.

கூடம்தான் இந்த வீட்டின் உயிர். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் மூன்று பாகம் தெரியும். இரண்டு ஓரங்களும் மாடி வைத்தவை, மாடி கொஞ்சம் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். நடுப்பாகம் உள்வாங்கி இருக்கும். ஆனால் மூன்றுக்கும் சேர்த்து ஒரே கூரை. அதனால் நடுவில் இறவாணம் சுவரைவிட்டு வெகுதூரம் முன்னால் வந்து தொங்கும். அதைத் தாங்க வளைந்த மரக்கைகள். வீல்டன் வீட்டை அடையாளம் காட்டுவது இந்த ஒரு நெளிவு. உள்ளே போனால் கூடத்துக்கு மேல்தளம் இல்லை. அண்ணாந்து பார்த்தால் உத்திரம், அதற்கு மேல் கைமரங்கள், அதற்கும் மேல் முகட்டின் இருட்டு.

புகைபோக்கியும் அப்போது இல்லை. தரைக்கு நடுவில் அடுப்பு. அதன் புகை தானாக மேலே ஏறி, கூரைக்குள் சுற்றி, கிடைத்த சந்தில் வெளியேறும். சன்னலில் கண்ணாடி கிடையாது, மரக்கம்பிகளும் உள்பக்கம் ஒரு பலகைக் கதவும்தான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்துப் பலகையைத் திறந்து வைத்துப் புகையை வழிநடத்துவார்கள். கண்ணெரிச்சல்தான். ஆனால் உத்திரத்தில் தொங்கும் பன்றி இறைச்சி புகையில் பதமாகும், கூரைத் தாளில் பூச்சி சேராது, நனைந்த கூரை உள்ளிருந்து உலரும். இத்தகைய வீடுகளின் கைமரங்களில் நூற்றாண்டுப் புகைக்கரி இன்றும் பளபளப்பாக ஒட்டியிருக்கிறது. ஒரு வீட்டின் வரலாறு படிக்கிறவர்கள் முதலில் பரணில் ஏறி விளக்கடித்துப் பார்ப்பது அந்தக் கரியைத்தான்.

கரி காப்பாற்றியது மரத்தை மட்டும் இல்லை. இங்கிலாந்தில் பழைய கூரையை முழுதாகப் பிரித்துவிட்டு வேய்வது வழக்கமில்லை. மக்கின மேல்பகுதியை மட்டும் சீவிவிட்டு, அதன்மேல் புதிதாகத் தாள் அடுக்குவார்கள். அப்படி அடுக்கடுக்காக ஏறிப்போன கூரைகளில், டெவன் போன்ற தென்மேற்குக் கவுண்ட்டிகளில், ஆக அடியில் முதல் முதலாக வேய்ந்த தாளே புகைபிடித்துக் கறுத்து அப்படியே கிடக்கிறது. ஜான் லெட்ஸ் என்ற தாவரத் தொல்லியலாளர் 1990களில் அவற்றை எடுத்து ஆராய்ந்தார். ஐந்நூறு, அறுநூறு வருஷத்துக் கதிர்கள், காம்பு முறியாமல் கிடைத்தன. ஆளுயரக் கோதுமை, அதோடு கலந்து விதைத்த ரை என்ற தானியம், இன்று இங்கிலாந்து வயல்களில் காணக்கிடைக்காத களைச்செடிகளின் விதைகள். அரண்மனை ஏடுகளில் எழுதாத ஒரு வேளாண் கணக்கு ஏழை வீட்டுக் கூரைக்குள் இருந்தது.

ஆல்ஃப்ரிஸ்டனுக்குத் திரும்புவோம். 14ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் இந்த ஊர் ஆலயத்தின் உரிமை சில மைல் தள்ளியிருந்த மிச்செல்ஹாம் துறவியர் மடத்துக்குப் போயிற்று. அகஸ்தீன் சபை மடம், 1229இல் தொடங்கியது. ஊர் விளைச்சலில் பத்திலொரு பங்கு திருச்சபைக்கு. அதில் தானியம் போன்ற கொழுத்த பங்கு மடத்துக்கு. ஊரில் உட்கார்ந்து பூசை செய்து, பிணம் புதைத்து, பிள்ளைக்குப் பெயர் வைக்கிற விகாருக்கு மிச்சம். விகார் என்ற சொல்லுக்கே பதிலாள் என்றுதான் பொருள். சம்பளம் குறைந்த பதிலாள் வீட்டைப் பெரிதாக மாற்றியிருக்க முடியாது. இந்த விஷயத்தை மறந்துவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

எட்டாம் ஹென்றி 1530களில் மடங்களைக் கலைத்தான், மிச்செல்ஹாமும் போயிற்று. லத்தீன் பூசை போய் ஆங்கில வழிபாடு வந்தது. 1549இல் பாதிரியார்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தது, மேரி அரசி காலத்தில் அது ரத்தானது, எலிசபெத் வந்ததும் மறுபடி நடைமுறைக்கு வந்தது. ஒரு கூடத்தில் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கலாமா கூடாதா என்பதை லண்டனில் யார் முடிசூடியிருக்கிறார்கள் என்பது தீர்மானித்த காலம்.

அதைவிட வீட்டுக்கு ஆபத்தானது அமைதியும் செல்வமும் வந்த காலம். 1570க்கும் 1640க்கும் இடையில் ஆங்கிலக் கிராமப்புறமே தன்னைத் திருத்திக் கட்டிக்கொண்டது என்று டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1953இல் எழுதினார். காலக்கணக்கில் பிறர் அவரோடு சண்டை பிடித்தாலும் விஷயம் உண்மை. செங்கல் புகைபோக்கி வந்தது. புகை போனதும் திறந்த கூடத்துக்கு என்ன வேலை? நடுவில் தளம் போட்டு மேலே இரண்டு அறை எடுத்தார்கள். சன்னலுக்குக் கண்ணாடி வந்தது. 18ஆம் நூற்றாண்டில் பணக்காரர்கள் மரச்சட்ட முகப்பை மறைத்துச் செங்கல்லால் ஒரு முகம் வைத்தார்கள். தென்னிங்கிலாந்துக் கடைவீதிகளில் ஜார்ஜ் மன்னர் காலத்துச் செங்கல் முகப்புக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் இடைக்காலத்து ஓக் கிடைப்பது இதனால்தான். காசிருந்தவன் வீடு மாறியது. காசில்லாதவன் வீடு மாறாமல் நின்றது. விகாரின் சம்பளத்தை மறக்க வேண்டாம் என்று சொன்னது இதற்குத்தான்.

18ஆம் நூற்றாண்டில் விகார்களுக்கே இந்த வீடு பிடிக்காமல் போயிற்று. படித்த கனவான் வாழத்தக்க இடமாக அது படவில்லை. பண்ணைக் கூலிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். ஒரு குடும்பத்துக்கென்று எழுந்த இடம் தடுப்புகளால் பிரிந்து ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களை ஏற்றது. இதற்குப் பிறகுதான் அதைக் காட்டேஜ் என்று சொல்வதே பொருந்தும். காட்டேஜ் என்றால் முதலில் நிலமில்லாதவன் இருக்கும் சிறுவீடு. வார இறுதி, தேநீர், ரோஜாக்கொடி எல்லாம் பிற்பாடு அந்தச் சொல்லில் வந்து ஒட்டிக்கொண்டவை.

அந்தக் கூலிக் குடும்பங்களின் காலம் அழகானதில்லை. நெப்போலியன் போர் முடிந்ததும் தானிய விலை சரிந்தது, கூலியும் சரிந்தது. 1830இல் கென்ட்டில் தொடங்கிய கலகம் சசெக்ஸுக்குள் பரவியது. கதிரடிக்கும் யந்திரங்களை உடைத்தார்கள், வைக்கோல் போர்களுக்கு இரவில் தீ வைத்தார்கள். ஆல்ஃப்ரிஸ்டனுக்கென்று தனித் தொழில் ஒன்றும் இருந்தது: கள்ளக்கடத்தல். கக்மியர் முகத்துவாரத்தில் பிரான்ஸ் சாராயம் இறங்கும், இருட்டில் ஊருக்குள் வரும். அந்தக் கும்பலின் தலைவன் ஸ்டான்டன் காலின்ஸ். அவனைக் கடைசியில் பிடித்தது சாராயத்துக்காக அல்ல, ஆடு திருடினதற்காக. 1831இல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். அவனுடைய வீடு இன்று ஊர்நடுவில் மதுக்கடை; சுற்றுலா வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கிளர்ஜி ஹவுஸில் அதே வருஷங்களில் வாடகை கட்டியவர்கள் ஆடு திருடாததால் சுவடில்லாமல் போய்விட்டார்கள்.

1870களில் அமெரிக்கப் புல்வெளிக் கோதுமை ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் வந்து இறங்கியது. ஆங்கில வேளாண்மை படுத்தது, கிராமத்திலிருந்து ஆட்கள் நகரத்துக்குப் போனார்கள், கூரை வீடுகள் ஆளில்லாமல் சரிந்தன. வேடிக்கை என்னவென்றால், ஆட்களை நகரத்துக்கு ஏற்றிப்போன அதே ரயில் ஓவியர்களைக் கிராமத்துக்கு இறக்கியது. ஹெலன் ஆலிங்ஹாம் 1881இல் லண்டனை விட்டு சர்ரே கிராமப்புறத்துக்குக் குடிபோய், இடிபடப்போகும் கூரை வீடுகளைத் தேடித் தேடி நீர்வண்ணத்தில் வரைந்தார். 1890இல் ராயல் நீர்வண்ண ஓவியர் சங்கத்தின் முழு உறுப்பினரான முதல் பெண் அவர். அவர் படத்தில் கூரைக்கடியில் செம்பருத்திக் குடும்பத்து ஹாலிஹாக் பூக்கள், வாசலில் குழந்தையோடு ஒரு பெண். ஒழுகும் இடம் படத்தில் வராது. அவரைக் குறை சொல்ல வரவில்லை. மக்கின கூரையை அருவருப்பில்லாமல் பார்க்க நகரத்துக் கண்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் அவர் தூரிகைக்குப் பங்கு உண்டு.

இந்தப் பார்வை மாற்றத்துக்கு நடுவில்தான் 1885இன் இடிப்பு அனுமதி, கிழவி, 1888. பிறகு வந்த விகார் பெய்னன் வீட்டைக் காப்பாற்ற அலைந்தார். வில்லியம் மாரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைக் கேட்டார். அவர்களிடம் ஆலோசனை இருந்தது, பணம் இல்லை, சொத்து வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கமும் இல்லை. அந்த வழியே விஷயம் புதிதாய்ப் பிறந்திருந்த நேஷனல் ட்ரஸ்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

ட்ரஸ்ட்டைத் தொடங்கியவர்கள் மூன்று பேர்: தபால் துறை வழக்கறிஞர் ராபர்ட் ஹன்ட்டர், ஏரி மாவட்டத்துப் பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி, ஆக்டேவியா ஹில். 1895 ஜனவரியில் பதிவானது. அதே வருஷம் வேல்ஸில், பார்மத் என்ற கடலோர ஊரில், நாலரை ஏக்கர் மலைச்சரிவு நன்கொடையாக வந்தது. அது காற்றும் பாறையும், ஒழுகாது, சரியாது. கட்டடம் வேறு. அதை எடுத்தால் கூரை வேய வேண்டும், வாடகைக்கு ஆள் பார்க்க வேண்டும்.

அந்தக் கலை ஆக்டேவியா ஹில்லுக்குத் தெரியும். லண்டனில் சேரியாகிக் கிடந்த வீடுகளை 1865இல் ஜான் ரஸ்கின் பணத்தில் எடுத்து, பழுதுபார்த்து, ஏழைகளுக்கே நியாயமான வாடகைக்கு விட்டு, வாராவாரம் தானும் தன் தோழியரும் நேரில் போய் வசூலித்துப் பழகியவர். எந்தப் படிக்கட்டு உடைந்திருக்கிறது, எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று வாடகைப் புத்தகத்தோடு குறித்துக்கொண்டு வருவார். கறாரான அம்மாள், வாடகை பாக்கி வைத்தால் வெளியே போகச் சொல்லத் தயங்கமாட்டார். 1884 முதல் லண்டன் சதக்கில் திருச்சபைச் சொத்து ஆணையத்தின் குடியிருப்புகளையும் நிர்வகித்தார். ஆல்ஃப்ரிஸ்டன் வீடும் அதே ஆணையத்தின் பொறுப்பில் இருந்தது. ஆக, விற்பவர் புதியவர் அல்ல, அவருக்கே வேலை கொடுத்திருந்தவர். பத்துப் பவுண்டு என்பது பேரத்துக்காகச் சொன்ன விலை அல்ல. சட்டப்படி கைமாறியதாக ஒரு தொகை இருக்கவேண்டும் என்பதற்காகப் பெயருக்கு வைத்தது.

இதில் ஒன்று எனக்கு உறுத்துகிறது. நகரத்தில் ஏழைகள் வாழ்வதற்காக வீடுகளைப் பழுதுபார்த்தவர், கிராமத்தில் ஏழைகள் காலிசெய்த வீட்டைப் பார்ப்பதற்காகப் பழுதுபார்த்தார். அவருக்கு இது முரணாகப் பட்டதில்லை. கூலிக்காரனுக்கும் திறந்தவெளியும் அழகும் வேண்டும், அதை விலைக்கு வாங்க அவனால் ஆகாது, எனவே எல்லாருக்குமாகச் சேர்த்து வாங்கி வைக்கவேண்டும் என்பது அவர் வாதம். வாதம் சரிதான். ஆனால் இந்த வீட்டைப் பொறுத்தவரை, பண்ணைக் கூலிகள் வந்து பார்க்கிற பொருளாக அது ஆகவில்லை என்பதும் சரிதான்.

பழுதுபார்க்க ஆல்ஃப்ரெட் பவல் என்ற இளம் கட்டடக் கலைஞர் வந்தார். மாரிஸ் வழியைச் சேர்ந்தவர். அந்த வழியினருக்கு ஒரு விரதம் உண்டு: பழையதைப் புதுசு மாதிரி ஆக்காதே, புதுசைப் பழையது மாதிரி நடிக்கவிடாதே. அக்காலத்தில் ஆலயங்களை மீட்கிறோம் என்று சுவர்ப்பூச்சைச் சுரண்டி எடுத்து, இல்லாத இடைக்காலத்தைச் செய்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுரண்டலை எதிர்த்ததால் மாரிஸ் சங்கத்துக்குச் சுரண்டல் எதிர்ப்புச் சங்கம் என்றே பட்டப்பெயர். இங்கேயும் எது தேறுமோ அதை விட்டுவைத்து, இற்றுப்போனதற்கு மட்டும் மாற்றுக் கொடுத்தார்கள். ஆனாலும் அந்த வேலைக்குப் போன பணம் வாங்கின பத்துப் பவுண்டைப் போலப் பல மடங்கு. பத்துப் பவுண்டுதான் கதையாக நிற்கிறது. கூரைச் செலவு யாருக்கும் ஞாபகத்தில் இல்லை.

1907இல் நாடாளுமன்றம் நேஷனல் ட்ரஸ்ட் சட்டத்தை நிறைவேற்றியது. விற்கவோ கைமாற்றவோ கூடாத சொத்து என்று ஒன்றை அறிவிக்கும் உரிமை ட்ரஸ்ட்டுக்கு அதனால் வந்தது; அப்படி அறிவித்ததை நாடாளுமன்றம் நினைத்தால் தவிர யாரும் அசைக்க முடியாது. 1936இல் ட்ரஸ்ட்டுக்கு ஒரு சின்னம் வேண்டும் என்று போட்டி வைத்தபோது ஜோசப் ஆர்மிட்டேஜ் என்ற சிற்பி வரைந்த ஓக் இலைக்கொத்து தேர்வாயிற்று. ஆல்ஃப்ரிஸ்டன் கூடத்து மூலையில், மரவிளிம்பில், பெயரில்லாத ஒரு தச்சன் செதுக்கிய ஓக் இலை ஒன்று உண்டு. சின்னத்துக்கு அதுதான் மூலம் என்று சொல்கிறவர்கள் உண்டு. இங்கிலாந்தில் ஓக் இலைக்கு அப்படியொன்றும் தட்டுப்பாடு இல்லை என்பதால் நான் இதை அரை மனதோடுதான் கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கு உறவுமுறையான வேறொரு வீட்டுக்கு வேறு விதி. கென்ட்டில் பேலீஃப் என்று ஒரு வீல்டன் பண்ணை வீடு. பௌ பீச் நீர்த்தேக்கத்துக்காக அந்தப் பள்ளத்தாக்கைத் தண்ணீரில் மூழ்கவிடப்போகிறார்கள் என்று 1960களில் தெரிந்தது. வீட்டைக் கழற்றினார்கள். மர ஆணிகளைத் தட்டி எடுத்து, ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டி, வெஸ்ட் சசெக்ஸில் சிங்கிள்டன் என்ற இடத்தில் தொடங்கியிருந்த திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பொருத்தினார்கள். பழந்தச்சன் களத்தில் பொருத்தி, பிரித்து, வண்டியேற்றிய அதே முறைதான். மாடு, குதிரைக்குப் பதில் லாரி. ஆல்ஃப்ரிஸ்டன் வீடு ஓரடி நகரவில்லை. கை மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

கூரை என்னவோ அடிக்கடி மாறுகிறது. லண்டன் நகரம் தீக்குப் பயந்து 1212லேயே புதிதாகத் தாள் வேயக்கூடாது என்று விதித்துவிட்டது. 1666 பெருந்தீக்குப் பிறகு அங்கே கூரை வீடே கிடையாது. 1997இல் திறந்த குளோப் நாடக அரங்குக்குத் தனி அனுமதி வாங்கித்தான் தாள் வேய்ந்தார்கள், தண்ணீர் தெளிக்கும் குழாய்களோடு. கிராமத்தில் தடை இல்லை, ஆனால் வேறு பிரச்சினை: வேய்வதற்கு ஏற்ற கோதுமைத் தாள் இல்லை. கூரைக்கு நீளமான, உறுதியான, உட்புழையுள்ள தாள் வேண்டும். ரசாயன உரம் போட்டால் தாள் ஓங்கி வளர்ந்து பலமில்லாமல் சாய்ந்துவிடும். சாயாமல் இருக்கக் குட்டைக் கோதுமையைக் கண்டுபிடித்தார்கள். ஜப்பானின் நோரின் 10 ரகத்துக் குட்டை மரபணு மெக்சிகோ வழியாக 1960களில் இந்தியாவுக்கு வந்து வயிற்றை நிறைத்தது, அடுத்த பத்து வருஷத்தில் ஆங்கில வயல்களிலும் புகுந்தது. அந்த விதையை இந்தியாவுக்கு வரவழைத்ததில் முன்நின்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன், கேம்பிரிட்ஜ் பயிர்ப்பெருக்க நிறுவனத்தில் படித்து 1952இல் முனைவர் ஆனவர். அவர் படித்த அதே நிறுவனம் 1964இல் வெளியிட்ட மாரிஸ் விஜன் என்ற ரகம்தான் இன்று ஆங்கிலக் கூரைக்காரர்களுக்குப் பிடித்தமான கோதுமை. நெட்டை ரகம். தாளுக்காகவே சில விவசாயிகள் அதை விதைக்கிறார்கள். கூட்டு அறுவடை யந்திரம் தாளை நசுக்கிவிடும் என்பதால், காயலான் கடைக்குப் போகவேண்டிய பழைய கட்டு கட்டும் யந்திரத்தை எண்ணெய் போட்டு ஓட்டி அறுக்கிறார்கள்.

கோதுமைத் தாள் இருபது, முப்பது வருஷம் தாங்கும். நார்ஃபோக் நாணல் அதைவிட இரண்டு மடங்கு தாங்கும், ஆனால் உள்ளூரில் போதாது. துருக்கி, போலந்து, உக்ரைன், சீனா என்று கப்பலில் வருகிறது. சசெக்ஸ் கூரைக்குத் துருக்கி நாணல் பொருந்துமா, கோதுமைத் தாள்தான் மரபா என்று கூரைக்காரர்களும் பாரம்பரிய அதிகாரிகளும் பல வருஷங்களாக மல்லுக்கு நிற்கிறார்கள். கூரை எதுவானாலும் முகடு மட்டும் பத்துப் பதினைந்து வருஷத்தில் தேய்ந்துவிடும், அதற்கு ஒருவர் ஏறியே ஆகவேண்டும். கையில் ஹேசல் குச்சிக் கட்டு. குச்சியைப் பிளந்து, இரண்டு நுனியையும் கூர்சீவி, நடுவில் ஒரு முறுக்கு முறுக்கினால் முறியாமல் கொண்டை ஊசி போல மடங்கும். அதைத் தாளுக்குள் உள்ளங்கையால் குத்தி இறக்குவார். கீழே சுவருக்குள் ஆறு நூற்றாண்டாக வரிச்சாக நிற்பதும் இதே ஹேசல்தான். வேலை முடிந்து இறவாணத்தை நேராகக் கத்தரிக்கும்போது துண்டுத் தாள்கள் ஆலயத்துப் புல்வெளிப் பக்கம் பறந்து விழும். குருவிகள் பொறுக்கிக்கொள்ளும், அல்லது பொறுமையில்லாத குருவி புதுக் கூரையிலிருந்தே நேராக ஒன்றை உருவிக்கொண்டு போகும்.